ஒழுங்கையும் குசினிக் கதவும்

ரொறன்ரோவில் தமிழ் வீடுகளின் வரவேற்பறைச் சுவர்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். சாமிப் படங்களையும் பிள்ளைகளின் பட்டமளிப்புப் புகைப்படங்களையும் விட்டுவிட்டால் மிச்சம் இருப்பவை பனை வடலி, மாட்டுவண்டில், கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண், கடலில் இறங்கும் சூரியன். சில அச்சுப் பிரதிகள். சில யாரோ ஒருவர் கையால் தீட்டியவை. இந்த நகரத்தின் ஒரு தெருவை, ஒரு தொடர்மாடியை, ஒரு பஸ் தரிப்பிடத்தை நான் எங்கள் சுவர்களில் கண்டதில்லை.

நாங்கள் பெருந்தொகையாக இங்கே வந்திறங்கி நாற்பது வருடங்கள் ஆகின்றன. எழுத்தில் இந்த நகரம் வந்துவிட்டது. இரவு வேலை, பனிக்கால பஸ், பேஸ்மென்ட் அறை, சீட்டுக் காசு, கடன் அட்டை என்று எங்கள் சிறுகதைகளிலும் கவிதைகளிலும் இல்லாதது குறைவு. ஆனால் எழுத்தில் வந்தது எங்களுக்கு இந்த நகரத்தில் நேர்ந்தவை. நகரம் எப்படி இருக்கிறது, அதன் சுவரில் நான்கு மணி வெயில் எப்படி விழுகிறது, பின்வளவில் பனி எந்த நிறத்தில் அழுக்காகிறது என்பதெல்லாம் இன்னும் வரவில்லை. நேர்ந்ததைச் சொல்வதும் பார்த்ததைச் சொல்வதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் ஓவியர்கள்.

நான் ஓவியம் படித்தவன் அல்லன். கணினித்துறையில் ஆலோசகன், இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பை முடித்துக்கொண்டு இங்கே வந்தவன். நகர மையத்தில் வேலை கிடைக்கும் காலங்களில் புதன்கிழமை மாலைகளில் டண்டாஸ் வீதியில் உள்ள ஒன்ராறியோ கலைக்கூடத்துக்குப் போவேன். அந்தக் காலங்களில் புதன் மாலை ஆறு மணிக்குப் பிறகு நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இருக்கவில்லை. என் பயிற்சி அவ்வளவுதான். அங்கே நின்றும் புத்தகங்களைப் புரட்டியும் நான் சேர்த்துக்கொண்ட ஓர் எண்ணத்தை இங்கே வாதமாக வைக்கிறேன்: ஒரு நகரம் ஒருவருக்குச் சொந்தமாவது அவர் அங்கே வீடு வாங்கும்போது அல்ல, அதன் அழகில்லாத இடம் ஒன்றை அவர் பொறுமையாகப் பார்த்து முடிக்கும்போது. இதற்குச் சாட்சியாகச் சில ஓவியர்களைக் கூப்பிடுகிறேன்.

1

முதலில் லோரன் ஹரிஸ். கனடாவின் 'எழுவர் குழு' ஓவியர்களில் முன்னின்றவர். 1885 இல் பிராண்ட்ஃபோர்ட்டில், விவசாய இயந்திரங்கள் செய்து விற்ற மாஸி-ஹரிஸ் நிறுவனக் குடும்பத்தில் பிறந்தவர். பணத்துக்காக ஒருநாளும் வரைய வேண்டியிருக்காதவர். பேர்லினில் ஓவியம் கற்றுவிட்டுத் திரும்பி வந்து, 1910 தொடக்கம் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ரொறன்ரோவின் வீடுகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றில் பல 'த வார்ட்' என்று அழைக்கப்பட்ட பகுதியின் வீடுகள்.

வார்ட் என்பது கொலேஜ், குயின், யங், யூனிவேர்சிற்றி ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவே இருந்த குடியிருப்பு. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள் என்று கப்பலாலும் ரயிலாலும் வந்தவர்கள் முதலில் ஒதுங்கிய இடம். சாய்ந்த பலகை வீடுகள், பின்வளவில் கழிப்பறை, ஒரே அறையில் ஒரு குடும்பம். நகரசபையின் சுகாதார அதிகாரி 1911 இல் இப்பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நகரசபைப் புகைப்படக்காரரான ஆதர் கொஸ் அதற்கான படங்களை எடுத்தார். அந்தப் புகைப்படங்களில் பிள்ளைகள் நிற்கிறார்கள். பெண்கள் வாசலில் இருந்து கமராவை முறைக்கிறார்கள்.

அதே தெருக்களை ஹரிஸ் வரைந்தபோது மனிதர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். வந்தாலும் ஓரத்தில், முகமில்லாமல் வருகிறார்கள். முன்னால் நிற்பவை வீடுகள். மஞ்சளும் சிவப்பும் நீலமும் தடித்த பூச்சாக, பனியில் வெயில் பட்டு, பார்க்கும்போது மனம் குளிரும். ஒரு பாழடைந்த சுவரில் இத்தனை நிறம் இருக்கும் என்று காட்டியவர் அவர். அதற்கு முன் இந்த நகரத்தில் அப்படி எவரும் காட்டியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஏழையின் சுவர் அவருக்கு நிறத்துக்கான சாட்டு. அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருமுகிறார் என்பது அவருடைய கேள்வி அல்ல.

பிறகு அவர் வடக்கே போனார். சுப்பீரியர் ஏரி, றொக்கி மலைகள், 1930 இல் ஆர்க்டிக். வீடுகளும் போய், மரங்களும் போய், கடைசியில் பனியும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. அந்த வெறுமையைத்தான் கனடா தன் முகமாக ஏற்றுக்கொண்டது. 2016 இல் அவருடைய மலை ஓவியம் ஒன்று ஏலத்தில் ஒரு கோடியே பத்து இலட்சம் டொலருக்கும் மேல் போனது. அதே வருடம் ஒன்ராறியோ கலைக்கூடத்தில் அவருடைய வடக்கு ஓவியங்களின் கண்காட்சி நடந்தபோது, கலைக்கூடத்தார் வார்ட் பற்றிய பகுதி ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அது நல்ல முடிவு. வெறும் பனி மலையை மட்டும் பார்த்தால் கனடா யாரும் இல்லாத நாடு என்று தோன்றும். அங்கே முன்பே இருந்த பூர்வகுடிகளுக்கும் இடமில்லை, பிறகு வந்த எங்களுக்கும் இடமில்லை.

வார்ட் இன்று இல்லை. அதன் ஒரு பகுதியை இடித்துத்தான் 1965 இல் திறந்த புதிய நகரசபைக் கட்டடத்தையும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தையும் கட்டினார்கள். ஆனால் அதன் மேற்கு எல்லையான யூனிவேர்சிற்றி அவெனியூவை எங்கள் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2009 வசந்தத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் நாங்கள் இரவும் பகலும் இருந்த தெரு அது. கைக்குழந்தைகளோடு பெண்கள், கைவிளக்குகளோடு முதியவர்கள், வேலை முடிந்து அந்த உடுப்போடேயே வந்து இருந்தவர்கள். ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் உள்ளன. அந்த இரவுகளை, அந்தத் தார்வீதியின் நிறத்தை, முகங்களில் விழுந்த தெரு வெளிச்சத்தை யாராவது எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தால் அதை நான் பார்த்ததில்லை. ஹரிஸ் வரையாமல் விட்ட மனிதர்கள் நூறு வருடம் கழித்து அதே எல்லையில் வந்து அமர்ந்தார்கள் என்று சொல்லலாம். அப்போதும் வரைய ஆள் இல்லை.

2

இரண்டாவது சாட்சி அல்பேர்ட் பிராங்க். 1899 இல் நெதர்லாந்தின் மிடில்பேர்க்கில் பிறந்து, 1920 களில் கனடாவுக்கு வந்தவர். நீச்சல் கற்பித்தார், பிறகு பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாக்கினார். மனைவி புளோரன்ஸ் வேலும் ஓவியர். இவர்களுடைய வீடு இளம் ஓவியர்கள் கூடும் இடமாக இருந்தது. 1953 இல் 'பதினொரு ஓவியர்கள்' என்ற அரூபக் குழுவைத் தொடங்கியவர்களில் பலர் அங்கே வந்து போனவர்கள்.

ஆனால் பிராங்க் அரூப ஓவியர் அல்லர். அவர் தீட்டியது ரொறன்ரோவின் பின் ஒழுங்கைகள். முன்வாசல் அல்ல, பின்பக்கம். குப்பைத் தொட்டி, சரிந்த மரவேலி, தகரக் கொட்டில், உடுப்புக் கொடி, பனியில் தேய்ந்த நடைபாதை. பெரும்பாலும் குளிர்காலம். பழுப்பும் சாம்பலும் செங்கல் நிறமும்.

'ஒழுங்கை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுக்கிறேன். தமிழ்நாட்டு வாசகர் சந்து என்பார். எங்களுக்கு ஒழுங்கை என்றால் இருபக்கமும் கிளுவை வேலி, பனையோலை மறைப்பு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கை, சைக்கிள் தடம். ஒரு வீட்டின் உண்மையான செய்தி ஒழுங்கையில்தான் தெரியும். முன்படலையில் எல்லாரும் மரியாதையானவர்கள். பிராங்கின் ஓவியங்களைப் பார்க்கும்போது இவர் அதைத் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றும். புதிதாக வந்தவனை ஒரு நகரம் முன்வாசலால் விடுவதில்லை. அவனுக்கு முதலில் பழகுவது பின்பக்கம்: உணவகத்தின் பின்கதவு, களஞ்சியத்தின் இறக்குமதித் தளம், வீட்டுக்காரர் காட்டிய பக்கவாசல். அந்தப் பின்பக்கத்தை முறைப்பாடாக்காமல், இரங்கத்தக்கதாகவும் ஆக்காமல், இருப்பதை இருப்பதாக அவர் தீட்டினார்.

இங்கே அவருடைய தொழிலை நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஓவியத்தைப் பழுதுபார்ப்பவர் தன் கையைக் காட்டக் கூடாது. உரிந்த இடத்தில் பக்கத்து நிறத்தைச் சரியாகக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாம்பல்களுக்கு இடையில் உள்ள வேறுபாடு தெரியாவிட்டால் அந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. அந்தக் கண்தான் ஒழுங்கைகளிலும் வேலை செய்கிறது. ஹரிஸின் சுவர் எங்களைக் கூப்பிடும். பிராங்கின் சுவர் கூப்பிடாது. நாங்கள் போய்ப் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒவ்வொரு செங்கல்லாகத் தெரியத் தொடங்கும்.

அவர் 1973 இல் இறந்தார். அடுத்த வருடம் அவரைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அதை எழுதியவர் ஹரல்ட் ரவுன், அரூபக் குழுவைச் சேர்ந்த, கூர்மையான நாக்குள்ள ஓவியர். பிராங்கை 'ஒழுங்கைகளின் காவலர்' என்று தலைப்பிலேயே அழைத்தார். தன் பாணிக்கு முழுவதும் எதிரான ஒருவரை இன்னொரு ஓவியர் அப்படிக் கொண்டாடுவது அபூர்வம். எங்கள் இலக்கியச் சூழலில் இதற்கு ஈடாக ஒன்றைத் தேடினால் நேரம் எடுக்கும்.

பிராங்கிடம் எனக்குள்ள குறை ஒன்று. அவருடைய நகரம் எப்போதும் மறையப்போகும் நகரம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பழைய குடியிருப்புகள் இடிபட்டுக்கொண்டிருந்தன. அந்த இழப்பின் மெல்லிய சோகம் ஓவியங்களில் முன்கூட்டியே படிந்திருக்கிறது. அதனால்தான் அவை பிற்காலத்தில் வசதியான வீடுகளின் சுவர்களுக்கு இலகுவாகப் பொருந்திக்கொண்டன. அவர் வாழ்ந்த ஹேசல்ற்றன் அவெனியூ இன்று விலையுயர்ந்த கடைகளின் தெரு. ஏக்கம் நல்ல விலைக்குப் போகும் பொருள். பனைமரப் படம் வாங்கும் எங்களுக்கும் இது தெரியும்.

3

மூன்றாவது, நான் மிகப் பெரியவராகக் கருதும் கிறிஸ்ரியான புளூக். 1936 இல் பேர்லினில் பிறந்தவர். போர்க்காலத்தில் தாயைப் பிரிந்து ஒஸ்திரியாவின் மலைப்பகுதியில் அந்நியர் வீட்டில் வளர வேண்டியிருந்தது. பதினேழு வயதில் ஆடை வடிவமைப்புப் படிக்கப் பாரிஸ் போனார். அங்கே தானாகவே வரையத் தொடங்கினார். திருமணம், துனிசியா, இரண்டு பெண் பிள்ளைகள், 1959 இல் ரொறன்ரோ. ஓவியக் கல்லூரி எதிலும் படிக்கவில்லை. 1972 வசந்தத்தில், 35 வயதில், ரொறன்ரோத் தீவில் தன் உயிரை முடித்துக்கொண்டார். ஓவியங்களின் மீது இந்த மரணத்தின் நிழலைப் போட்டு வாசிப்பது வழக்கமாகிவிட்டது. நான் அதைச் செய்யப்போவதில்லை. அவர் முடித்துவைத்த வேலை அந்த நிழல் இல்லாமலே நிற்கும்.

புளூக் நகரத்தைத் தேடிப் போகவில்லை. பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார். ஜன்னலால் தெரிந்ததையும் வீட்டுக்குள் இருந்ததையும் தீட்டினார். முதலில் யங் வீதியை ஒட்டிய வீட்டிலிருந்து தெரிந்த ரயில் தண்டவாளங்கள். பிறகு குசினிக் கதவு. அறுபதுகளின் நடுவில் வந்த இரண்டு பெரிய ஓவியங்களின் பெயரே 'குசினிக் கதவு' என்றுதான் தொடங்கும்: ஒன்று மகள் எஸ்தரோடு, மற்றது மகள் உர்சுலாவோடு. ஒரு கதவு, கதவின் கண்ணாடி, அதற்கு அப்பால் வேறு யாருடையவோ வீடுகளும் மரங்களும், கதவருகே ஒரு பிள்ளை. இவ்வளவுதான். ஆனால் முன்னால் நின்றால் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று மனம் தடுமாறும். கதவு திறந்திருக்கிறது, போகத் தோன்றவில்லை. அந்நிய நாட்டில் முதல் சில வருடங்கள் வீட்டில் இருந்த எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். அந்தக் கதவை அவருக்குத் தெரியும். எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் ஸ்காபரோவின் பதினான்காம் மாடியில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

அவர் மெதுவாக வேலை செய்தவர். ஒரு வருடத்தில் சில ஓவியங்கள் மட்டுமே முடியும். இதற்கு எண்ணெய் வண்ணத்தின் இயல்பும் துணை. தண்ணீர் வண்ணம் நீர் ஆவியாகிக் காயும். ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் மெல்ல இறுகும். அதுவரை துடைக்கலாம், மாற்றலாம், அருகில் உள்ள ஈர நிறத்தோடு இழுத்துக் கலக்கலாம். அந்த இடைவெளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போகும். மரம் இலை உதிர்க்கும். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு நிறம் மாற்றுவார். ஒரு நொடியைப் பிடிப்பது புகைப்படம். இவருடைய ஓவியத்தில் இருப்பது பல மாதங்கள் ஒரே இடத்தைப் பார்த்திருந்ததன் படிவு. பிள்ளைகள் அத்தனை நேரம் அசையாமல் இருக்கமாட்டார்கள் அல்லவா? ஆகவே சில வருடங்கள் பொம்மைகளை இருத்தி வரைந்தார். அந்தப் பொம்மைகள் ஜன்னலோரத்தில் இருந்து இருட்டைப் பார்ப்பது இந்த நாட்டு ஓவியத்தில் நான் கண்ட மிகத் தனிமையான காட்சி.

1967 இல் அவர்கள் பேர்ச் அவெனியூவில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலுக்கு எதிரே கொட்டிங்ஹாம் பாடசாலை. அடுத்த சில வருடங்கள் அதையே திரும்பத் திரும்பத் தீட்டினார்: மழைக்குப் பிறகு, வேறு வேறு பருவங்களில், கொடிக்கம்பத்தோடு. கனடாவின் மேப்பிள் இலைக் கொடி அப்போது புதியது. 1965 இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1971 இல் வந்த ஓவியத்தில் அந்தக் கொடி கறுப்பு.

இந்தக் கறுப்புக் கொடியைச் சிலர் அரசியலாக வாசிக்கிறார்கள், சிலர் மனநோயின் அறிகுறியாக வாசிக்கிறார்கள். எனக்கு இரண்டும் அவசரமாகத் தெரிகிறது. போரின் குழந்தை அவர். பேர்லினில் பிறந்த ஒருவருக்குக் கொடி என்பது எளிய விடயம் அல்ல. பாடசாலை வளவில் தினமும் ஏறி இறங்கும் ஒரு துணியை இரண்டு பிள்ளைகளின் தாய் நான்கு வருடங்கள் பார்த்திருக்கிறார். அந்த நாட்டுக்குள் தன் பிள்ளைகள் போய்ச் சேர்கிறார்கள்; தான் ஜன்னலில் நிற்கிறார். அந்தக் கொடி எல்லா நாட்களிலும் ஒரே நிறமாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் ஓவியம் சொல்வது. எங்களில் பலருக்கும் அந்தக் கொடி குடியுரிமை விழாவன்று ஒரு நிறம், வேறொரு நாளில் இன்னொரு நிறம். இதை நாங்கள் மேடையில் பேசுவதில்லை. அவர் தீட்டி வைத்திருக்கிறார்.

என் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. புதிய நிறுவனம் ஒன்றுக்குள் போனால் முதல் வேலை மாற்றம் பேசுவது அல்ல. அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பதிவுசெய்வது. ஆகச் சலிப்பான வேலை. அதைத் தாண்டிக் குதித்தவர்களின் திட்டங்கள் பிறகு சரிவதைக் கண்டிருக்கிறேன். புளூக் ரொறன்ரோவுக்குச் செய்தது அந்த வேலை. இந்த நகரம் எனக்கு என்ன தந்தது, எதை எடுத்தது என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. எதிரே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தார்.

4

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொலைந்த ஊரைத் தீட்டுவது குறைந்த வேலையா? இல்லை என்பதற்கு எங்களுக்கு நெருக்கமான சாட்சி ஐவன் பீரிஸ். கொழும்பில் 1943 இல் தொடங்கிய '43 குழு'வின் ஓவியர். 1953 இல் இங்கிலாந்துக்குப் போய் 1988 இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அந்த நாட்டில் இருந்துகொண்டு, முப்பத்தைந்து வருடங்கள், அவர் திரும்பத் திரும்பத் தீட்டியது இலங்கையின் கரையை. மரங்கள், மணல், அசையாத உருவங்கள்.

அவருடைய கரை எங்கள் சுவர்ப் படத்துக் கரை அல்ல. ஒவ்வொரு ஓவியத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையாகிறது. நினைவு தேயத் தேய ஓவியமும் மாறுகிறது. மறதியையும் சேர்த்துத் தீட்டினார் என்பேன். எங்கள் மாட்டுவண்டில் படத்தில் மறதி இல்லை. அது முப்பது வருடமாக அதே வண்டில். அந்த ஒழுங்கையில் இன்று வீடுகள் மாறிவிட்டன, வேலிகள் மதிலாகிவிட்டன, இடையில் ஒரு போர் நடந்து முடிந்தது. படத்துக்கு ஒன்றும் தெரியாது. என் குறை ஊரைத் தீட்டுவதைப் பற்றியது அல்ல. பார்க்காமல் தீட்டுவதைப் பற்றியது.

இதே விடயத்தை எதிர்த்திசையில் செய்தவர் பீற்றர் டொய்க். ஸ்கொட்லாந்தில் பிறந்து, ட்ரினிடாட்டிலும் கனடாவிலும் வளர்ந்து, 1979 இல் லண்டன் போனவர். லண்டனில் இருந்துகொண்டு கனடாவைத் தீட்டினார். டொன் வாலி பார்க்வேயில் வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கத்தில் ஒரு சுரங்கவழி வாயில் வானவில்லாகத் தெரியும். ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வேலை முடிந்து திரும்பும் தமிழரில் அதைக் காணாதவர் குறைவு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் அனுமதியில்லாமல் தீட்டியது. நகரசபை அழிக்க அழிக்க மீண்டும் தீட்டப்பட்டது. பிறகு நகரமே ஏற்றுக்கொண்டது. டொய்க் 1999 இல் அதை ஒரு பெரிய எண்ணெய் ஓவியமாக்கினார். தலைப்பிலேயே காரின் பக்கக் கண்ணாடி வருகிறது. ஓடும் காரில் இருந்து, கடந்துபோகும்போது பார்த்த பார்வை.

அந்த ஓவியம் லண்டனில் பல இலட்சம் பவுண்டுகளுக்கு விலைபோனது. விலை எனக்கு முக்கியம் அல்ல. நான் நூற்றுக்கணக்கான மாலைகளில் நெரிசலில் நின்று பார்த்த ஒன்று, உலகின் ஒரு மூலையில் ஒருவருக்கு ஊர் நினைவாக இருந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கப்போகிறது. அவர்கள் நாளை வன்கூவரிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஏங்கப்போவது பனைமரத்துக்கு அல்ல. மோர்னிங்சைட் பஸ்ஸுக்கும், கொத்து ரொட்டிக் கடையின் ஆவி பிடித்த கண்ணாடிக்கும், அந்த வானவில்லுக்கும்தான்.

5

இது தெருவின் கதை. கலைக்கூடத்துக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. கலைக்கூடம் எங்களவருக்குப் பெரும்பாலும் பாடசாலைச் சுற்றுலா போகும் இடம். ஒன்ராறியோ கலைக்கூடத்தின் இன்றைய தோற்றத்தை 2008 இல் அமைத்த ஃபிராங்க் கெரி அந்த அயலில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா பாட்டி போலந்திலிருந்து வந்த யூதர்கள். குடியேறிய வீட்டுப் பிள்ளை ஒன்று பெரியவனாகி அந்தத் தெருவின் முகத்தையே மாற்றியது. கட்டடமே சொல்லும் பாடம் அது.

சுவரில் தொங்கும் பழைய ஓவியத்தோடு வழக்காட முடியும் என்று காட்டியவர் கென்ட் மொங்க்மன். கிரீ இனத்தவர், ரொறன்ரோ ஓவியர். 2019 டிசம்பரில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்தின் முன்மண்டபத்தில் அவருடைய இரண்டு பிரமாண்டமான ஓவியங்கள் ஏறின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபத்திரண்டு அடி அகலம். எண்ணெய் அல்ல, அக்ரிலிக். ஆனால் பேசுவது பழைய எண்ணெய் ஓவியங்களின் மொழியை. அதே கலைக்கூடத்தில் 1851 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு: டெலவெயர் ஆற்றைப் படகில் கடக்கும் ஜோர்ஜ் வாஷிங்டன். அந்தப் படகை மொங்க்மன் எடுத்துக்கொண்டு, தளபதியின் இடத்தில் ஒரு பூர்வகுடி உருவத்தை நிறுத்தினார். மற்ற ஓவியத்தின் பெயர் 'வந்தவர்களை வரவேற்றல்'. கரையில் நிற்பவர்கள் பூர்வகுடிகள். நீரிலிருந்து கை கொடுத்து ஏற்றப்படுகிறவர்கள் வந்தவர்கள்.

இந்த ஓவியங்களுக்கு முன்னால் தமிழர் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பது? 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோராக மிதந்து வந்தவர்கள் நாங்கள். 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேராக வந்தவர்களும் நாங்கள். நீரில் இருந்தவர்கள் என்பது நிச்சயம். கைகொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு இதுவரை நாங்கள் கனடிய அரசு, மீனவர்கள், தேவாலயங்கள் என்று சொல்லி வந்தோம். மொங்க்மன் அந்தப் பட்டியலைக் கரையின் உரிமையிலிருந்து தொடங்கச் சொல்கிறார். நிலம் பறிபோனவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த எங்களுக்கு இந்த ஓவியம் மற்றவர்களைவிட அதிகமாகப் புரிய வேண்டும். அதிகமாகச் சங்கடமும் தர வேண்டும்.

எனினும் ஓவியமாக எடுத்தால் நான் இன்னும் குசினிக் கதவின் பக்கம்தான். மொங்க்மனின் ஓவியம் வாதம். அது வெல்கிறது, வென்றதும் முடிகிறது. புளூக்கின் கதவு வாதிடுவதில்லை, ஆகவே முடிவதும் இல்லை. எங்கள் கலை இலக்கியத்தில் வாதத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் மற்றதற்குத்தான்.

6

"கைபேசியில் இத்தனை படம் எடுக்கிறோம், பிறகு ஏன் ஓவியம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எடுக்கிறோம்தான். எடுத்த படங்களில் இருப்பது பிறந்தநாள், கேக், பூப்புனித நீராட்டு விழா, நயாகரா. அழகானவையும் முக்கியமானவையும் மட்டும். எக்ளின்ரன் வீதியில் இரவு பத்து மணிக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாவை யாரும் எடுப்பதில்லை, எடுத்தாலும் அழித்துவிடுவோம். ஓவியருக்கு அந்த வசதி இல்லை. ஒன்றைத் தீட்ட முடிவெடுத்தால் மூன்று மாதம் அதனோடு இருக்க வேண்டும். மூன்று மாதம் இருக்கத் தகுந்தது என்று ஒருவர் ஒன்றைத் தெரிவு செய்வதே விமர்சனம்.

எங்களிடம் ஓவியர்கள் இல்லாமல் இல்லை. நூல் அட்டைகளைப் பாருங்கள், மண்டபக் கண்காட்சிகளைப் பாருங்கள். கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்பதுதான் பனைமரம். கேட்டதைத் தருகிறார்கள். வாசகராக, அட்டைப்படம் கேட்கும் எழுத்தாளராக, படம் வாங்குபவராக இந்தப் பழக்கத்தில் எங்கள் பங்கு பெரியது. இரண்டாம் தலைமுறைக்கு இதில் ஒரு தடை கூடுதலாக உண்டு. தங்களுக்குத் தெரிந்த நகரத்தைத் தீட்டினால் அது 'தமிழ்' ஓவியம் ஆகாது என்று அவர்களிடம் சொல்லாமல் சொல்லிவைத்திருக்கிறோம். பேர்லினில் பிறந்து ஒரு ரொறன்ரோப் பாடசாலையைத் தீட்டியவரை இன்று கனடிய ஓவியர் என்கிறார்கள். அவருடைய ஜேர்மன் பிறப்பு அதனால் குறைந்துவிடவில்லை; அந்தக் கறுப்புக் கொடிக்குள் அது முழுவதுமாக இருக்கிறது. தமிழும் அப்படித்தான் இருக்கும். அதைப் பனையோலையில் சுற்றித் தர வேண்டியதில்லை.

ஒன்ராறியோவில் வாழும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்ராறியோ கலைக்கூடத்தில் எந்த நாளும் அனுமதி இலவசம். பிள்ளைகளை அனுப்புங்கள் என்று சொல்வதோடு நிறுத்தாமல் நாங்களும் ஒரு புதன் மாலை போகலாம். ஹரிஸின் மலைகளுக்கு முன்னால் கூட்டம் இருக்கும். அதைத் தாண்டி, அதே ஹரிஸ் இளவயதில் தீட்டிய வீடுகளைத் தேடிப் பாருங்கள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். அந்த ஜன்னல்களுக்கு உள்ளிருந்து பார்த்தால் தெரு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. அது உள்ளே இருந்தவர்கள் தீட்ட வேண்டிய படம்.